ரெண்டாவது மூச்சுக்கு எதை மாட்டுறது? டர்பன் பக்கம் டைவ் பண்றவங்களுக்கு ஒரு ஒப்பீடு

என் சித்தி பொண்ணு ஜோஹானஸ்பர்க்ல இருக்கா. போன மாசம் ஸ்கூபா டைவிங்ல முதல் படியான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடிச்சுட்டு இப்ப சொந்தமா ரெகுலேட்டர் (சிலிண்டர் காத்தை மூச்சு விடுற மாதிரி குறைச்சுத் தர்ற கருவி) வாங்கப் போறா. "அண்ணா, கடைல ஒரு மஞ்சக் கலர் ஆக்டோவும் சேத்து செட்டா தர்றோம்ங்கறாங்க, அது போதுமா, இல்ல வேற ஏதாச்சும் மாட்டணுமா"ன்னு வாய்ஸ் நோட் அனுப்பிருந்தா. ஆக்டோன்னா அவசரத்துக்குன்னு கூடுதலா மாட்டுற, வாய்ல வைக்கிற இன்னொரு கருவி. நானும் திருப்பி வாய்ஸ் நோட்டே போட்டேன், மூணு போட்டும் பாதிகூட சொல்லி முடியல. சரி உக்காந்து எழுதிடுவோம், அவளுக்கு மட்டும் இல்லாம இங்க புதுசா தண்ணிக்குள்ள இறங்குற நம்மாளுங்க எல்லாருக்கும் ஆகும்னு தான் இது.

நான் தூத்துக்குடி. டர்பன் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. கடல் நல்லா இருந்தா சனிக்கிழமை விடியக்காலைலயே கடலோர ஊரான உம்கோமாஸ் போயிடுவேன், அங்கருந்து கடலுக்குள்ள இருக்குற அலிவால் ஷோல்ங்கற பாறைத் திட்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவ சோட்வானா பே. அதனால நான் சொல்றது எல்லாம் இந்தத் தண்ணிய மனசுல வச்சு சொல்றது தான், மாலத்தீவுல பெரிய போட்ல ஏணி வச்சு இறங்குறவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

முதல்ல அடிப்படை, வேகமா சொல்லிடுறேன். சிலிண்டர்ல 200 பார் (பார்ங்கறது பிரஷரோட அளவு) காத்து இருக்கு. சிலிண்டர் வால்வுல மாட்டுற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை நம்மள சுத்தி இருக்குற பிரஷரை விட ஒரு 9, 10 பார் மட்டும் கூடுதலா இருக்குற மாதிரி குறைக்கும். வாய்ல வைக்கிற செகண்ட் ஸ்டேஜ் அதையும் குறைச்சு, நாம இழுக்கும்போது மட்டும் விடும். பேக்கப்னா என்ன, இந்த வாய்ல வைக்கிறது இன்னொண்ணு. அது அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருந்து வரலாம், இல்ல தனி சிலிண்டர், தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜோட வரலாம். எல்லா வகையும் இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும்.

எதை மாட்டுறதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி எதுக்கு மாட்டுறோம்னு கேக்கணும். நெறைய பேர் நினைக்கிறது என்னன்னா, "என் ரெகுலேட்டர் தண்ணிக்குள்ள புட்டுக்கிச்சுன்னா அதுக்குத்தான் இது"ன்னு. 2008-ல டைவர்ஸ் பாதுகாப்புக்கான டான் (டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்) அமைப்போட ஆராய்ச்சியாளர்கள் 947 டைவிங் சாவுகளை எடுத்துப் பாத்தாங்க. எதுல இருந்து பிரச்சினை ஆரம்பிச்சுதுன்னு கண்டுபிடிக்க முடிஞ்ச கேஸ்கள்ல 41 சதவீதம் காத்து தீந்து போனது, கருவி கோளாறு 15 சதவீதம் தான். எனக்கு இதை முதல்ல படிச்சப்ப பெரிய அதிர்ச்சி. அப்ப அந்த ரெண்டாவது மூச்சுக்கு அதிகமா வேலை வர்றது என் மெஷின் கெட்டுப்போறப்ப இல்ல, காத்து தீந்துபோன ஒரு மனுஷன் கண்ணை அகல விரிச்சுக்கிட்டு என்கிட்ட வர்றப்ப. அந்த மனுஷன் எந்த நிலைமைல இருப்பாரு, எதைப் பிடிப்பாரு, அப்ப எனக்கு என்ன மிஞ்சும், இந்த மூணைத்தான் ஒவ்வொரு செட்டப்புலயும் கேட்டுப் பாக்கணும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் கடல். இங்க ஜெட்டி கிடையாது. ஆத்து முகத்துவாரத்துல இருந்து ரப்பர் டக்கை (காத்தடிச்ச ரப்பர் போட்) அலைக்குள்ள ஓட்டிக்கிட்டுப் போறது, காலை தரைல இருக்குற பட்டைக்குள்ள சொருகிட்டு கயித்தை இறுக்கிப் பிடிச்சுக்கணும், கிட் எல்லாம் நடுவுல கட்டிக் கிடக்கும். அலையத் தாண்டினதும் மாட்டிக்கிட்டு, எண்ணி முடிச்சதும் எல்லாரும் ஒண்ணா பின்பக்கமா உருண்டு விழணும். திரும்பி வர்றப்ப போட்டை ஃபுல் ஸ்பீடுல மணல்ல ஏத்துவாங்க. இவ்வளவுலயும் உன் ஆக்டோ எங்க தொங்கிட்டு இருந்துச்சு, எதுல உரசுச்சுன்னு உனக்கே தெரியாது. மழை பெஞ்சா ஆத்துத் தண்ணி கலங்கி வந்து ஷோல்ல கை தூரத்துக்கு அப்பால தெரியாது. கரண்ட் வேற, கூட வந்த ஆளு ரெண்டு தடவ காலை ஆட்டுறதுக்குள்ள பத்து மீட்டர் தள்ளிப் போயிருப்பாரு.

இனி ஒவ்வொண்ணா.

கடைல தர்ற மஞ்ச ஆக்டோ. உலகத்துல பாதிக்கும் மேல இதுல தான் ஓடுது, கோர்ஸ்லயும் இதைத்தான் சொல்லித் தர்றாங்க. மெயின் ஹோஸ் 70, 75 சென்டிமீட்டர், ஆக்டோ ஹோஸ் ஒரு மீட்டர் கிட்ட, மஞ்சள் கலர். நெஞ்சுக்கு முன்னாடி, தாடைல இருந்து ரெண்டு விலா எலும்பு முனைக்கும் கோடு போட்டா வர்ற முக்கோணத்துக்குள்ள மாட்டி வைக்கணும், காத்து இல்லாதவர் அதை எடுத்துக்குவார்னு கணக்கு. விலை குறைவு, எல்லாருக்கும் பழக்கம், யார் கூட ஜோடி போட்டாலும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. இது சின்ன விஷயம் இல்ல, சோட்வானால வாரக் கடைசியில முன்னபின்ன பாக்காதவர் கூட தான் பாதி டைவ் போகும்.

ஆனா எனக்கு நடந்ததை சொல்றேன். ஒரு ஜூலை மாசம், ராகி சுறாக்கள் வர்ற சீசன். ராகீஸ் கேவ் பக்கத்துல 18 மீட்டர்ல இருக்கோம். கூட வந்தவர் வெளியூர், அன்னைக்குத்தான் முதல் தடவ பாக்குறேன். சுறாவப் பாத்த சந்தோஷத்துல அவர் மிச்சக் காத்தைக் காட்டுற கேஜைப் பாக்கவே இல்ல. திடீர்னு என் தோள்ல ஒரு கை. திரும்பினேன், கழுத்துல கை வச்சு அறுக்குற மாதிரி காமிச்சார், அவ்வளவு தான், அடுத்த நொடி என் வாய்ல இருந்ததைப் பிடுங்கிட்டார். என் மஞ்ச ஆக்டோ அவர் கண்ணுக்கு முன்னாடி இருந்திருக்கணும். அது இல்ல. போட்ல இடிபட்டு அந்த சிலிக்கான் வளையத்துல இருந்து நழுவி என் வலது இடுப்புக்குப் பின்னாடி தொங்கிட்டு இருந்திருக்கு. கையை வீசித் தேடி எடுத்து வாய்ல வச்சு இழுத்தா பாதி காத்து, பாதி தண்ணி, பல்லுல மணல் நறநறன்னுச்சு. காத்தை ஊதி தண்ணியை வெளிய தள்ளுற பர்ஜ் பட்டனை அமுக்கி, திரும்ப இழுத்து, மூணாவது மூச்சு தான் ஒழுங்கா வந்துச்சு. அதுக்கப்புறம் ஒருத்தர் தோள் பட்டையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, மூஞ்சிக்கு மூஞ்சி ஒட்டிக்கிட்டு மெதுவா மேல வந்தோம், ஏன்னா அவர் வாய்ல இருந்தது என்னோட குட்டை ஹோஸ்.

வீட்டுக்கு வந்து சமையல்கட்டு மேசைல துணி விரிச்சு அந்த ஆக்டோவைக் கழட்டிப் பாத்தேன். செகண்ட் ஸ்டேஜ் அடியில மூச்சு வெளிய போறதுக்கு சிலிக்கான்ல ஒரு வட்டத் தகடு இருக்கும், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. அதோட ஓரத்துக்கு அடியில ஒரே ஒரு மணல். கடுகுல கால்வாசி இருக்கும். அது ஓரத்தைத் தூக்கிப் பிடிச்சிருந்த அந்த மயிரிழை இடைவெளில தான் தண்ணி வந்திருக்கு. விரல் நுனியால ஒத்தி எடுத்தேன், தகடு படிஞ்சு உக்காந்துருச்சு.

இதுல கம்பெனி குத்தமோ மெஷின் குத்தமோ எதுவும் இல்ல. டைவுக்கு முன்னாடி அதுல ரெண்டு மூச்சு இழுத்துப் பாத்திருக்கணும், நான் பாக்கல. ஆனா செட்டப்போட குணமும் அதுல இருக்கு. ஆக்டோவை யாரும் நாள் முழுக்க மூச்சு விட்டுப் பாக்குறதில்ல, அதனால கெட்டுப்போனாலும் தெரியாது. அது சும்மா இருக்கும்போது தானா காத்தை வீணாக்கக்கூடாதுன்னு நெறைய மாடல்ல கொஞ்சம் டைட்டாவே செட் பண்ணித் தருவாங்க, அப்ப இழுக்க மெயினை விட சிரமம். அதோட சாதாரண ஆக்டோவை தலைகீழாத் திருப்பி வாய்ல வச்சா மூச்சு வெளிய போற வால்வு மேல் பக்கம் வந்து உள்ள தண்ணி தேங்கும், பயந்துபோன ஆளு எது மேல எது கீழன்னு பாப்பாரா? ஆக்டோ தான் வாங்குறேன்னா காந்தம் வச்ச ஹோல்டரோ இறுக்கமான நெக்லஸோ போட்டு நெஞ்சுல நிக்க வை, ரெண்டு பக்கமும் வாய்ல வைக்கிற மாதிரி இருக்குற மாடல் பாரு.

அடுத்தது இன்ஃப்ளேட்டரோட சேந்து வர்றது. ஸ்கூபாப்ரோ ஏர் 2 தான் இதுல பேர் தெரிஞ்சது, மத்த கம்பெனிங்களும் போடுறாங்க. பிசிடிக்கு (மிதக்குறதைக் கட்டுப்படுத்த போட்டுக்குற காத்தடிக்கிற ஜாக்கெட்) காத்து ஏத்துற கைப்பிடிலயே ஒரு செகண்ட் ஸ்டேஜ். தனி ஹோஸ் கிடையாது, எப்பவும் இடது தோள்லயே இருக்கும், மணல்ல இழுபடாது, பெட்டில வெயிட் குறையும். கூட வர்றவருக்கு உன் வாய்ல இருக்குறதைக் குடுத்துட்டு நீ இதுல மூச்சு விடணும். எனக்கு இதுல பிடிச்சது, குடுக்குறது நல்லா வேலை செய்யுறதுன்னு நிச்சயமா தெரிஞ்ச ஒண்ணு. பிடிக்காததும் இருக்கு. மேல ஏறும்போது பிசிடில இருந்து காத்தை வெளியேத்தணும், அந்த வேலைக்கு இருக்குற கைப்பிடி உன் வாய்க்குள்ள இருக்கு. கழுத்தை நிமித்தி, அதைத் தூக்கி, மூச்சும் விட்டு, காத்தும் வெளியேத்தி, இன்னொரு கையால பயந்த ஆளையும் பிடிக்கணும். தோள்ல கயிறு இழுத்து விடுற டம்ப் வால்வு இருந்தா பரவால்ல, அதுவும் பழகிருக்கணும். நீ குடுக்குற மெயின் ஹோஸ் குட்டைன்னா மறுபடியும் மூஞ்சி ஒட்டிக்கிட்டு தான். இது பல மாடல்ல தனி சைஸ் கனெக்டர் கேக்கும், வாடகை பிசிடில மாட்ட முடியாது. பிசிடியோட சேத்து தண்ணில அலசி வச்சுட்டு சர்வீஸுக்குக் குடுக்க மறந்துடுறவங்களையும் நெறைய பாத்திருக்கேன். உடம்பு நல்லா பேலன்ஸ் ஆகுற, நூறு டைவ் தாண்டுன ஆளுக்கு ஓகே. புதுசா ஆரம்பிக்கிற தங்கச்சிக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூணாவது, நான் இப்ப போடுறது. நீள ஹோஸும் நெக்லஸும். வாய்ல இருக்குற மெயின் செகண்ட் ஸ்டேஜுக்கு 1.5 மீட்டரோ 2.1 மீட்டரோ ஹோஸ். பேக்கப்புக்கு 55, 60 சென்டிமீட்டர் குட்டை ஹோஸ், ஒரு ரப்பர் கயித்துல கழுத்துல மாலை மாதிரி தாடைக்குக் கீழயே தொங்கும். இது ஃப்ளோரிடா குகை டைவர்ங்க கிட்ட இருந்து வந்த பழக்கம், வில்லியம் ஹோகார்த் மெயின்ங்கறவர் பேரை வச்சு ஹோகார்தியன்னு சொல்வாங்க. குகைல சந்து குறுகலா இருந்தா ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல போக முடியாது, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போகணும், அதுக்குத்தான் 2.1 மீட்டர். நமக்கு அந்த மாதிரி குறுகலான குகை இல்ல, 1.5 போதும். வலது கைக்கு அடியில வந்து நெஞ்சுக்குக் குறுக்கா போயி, இடது தோள் மேல ஏறி, கழுத்துக்குப் பின்னாடி சுத்தி வலது பக்கமா வாய்க்கு வரும்.

இதுல நடக்குறதைப் பாரு. ஒருத்தர் வந்து பிடுங்குறாரா, பிடுங்கட்டும், குடுக்க வேண்டியதும் அது தான். தலையை லேசா குனிஞ்சா ஹோஸ் கழுத்துல இருந்து கழண்டுக்கும், அவருக்கு ஒரு கை தூரம் கிடைக்கும். நான் தாடையை இறக்கினா என் பேக்கப் அங்க தான் இருக்கு, கை கூட வேண்டாம், இருட்டுலயும் கலங்கல்லயும் தேட வேண்டாம். கழுத்துலயே இருக்குறதால மணல் அண்டாது. அன்னைக்கு ராகீஸ் கேவ்ல என்கிட்ட இது இருந்திருந்தா அந்தத் தேடுறதும் இல்ல, அந்த மணல் மூச்சும் இல்ல.

குறை இல்லாம இல்ல. கூட வர்றவர் மஞ்ச ஆக்டோவைத் தேடிப் பழகினவரா இருந்தா குழம்புவார், அதனால போட் கிளம்புறதுக்கு முன்னாடி மணல்ல நின்னுக்கிட்டே ஒரு தடவ செஞ்சு காமிக்கணும், "காத்து வேணும்னா என் வாய்ல இருக்குறதை வாங்கிக்கங்க"ன்னு சொல்லணும். நான் அந்த நீள ஹோஸையே மஞ்சக் கலர்ல போட்டுட்டேன், தேடுற கண்ணுக்கு அதுவே போய் நிக்கும். ஹோஸ் பிசிடி பட்டைக்கு அடியில மாட்டிருந்தா குடுக்கும்போது பாதில நிக்கும், ஸ்நோர்க்கல் இருந்தா அதுல சிக்கும். மாட்டிக்கிட்டதும் ஒவ்வொரு தடவையும் ஹோஸை வெளிய இழுத்துப் பாத்துட்டுத்தான் நான் போட் ஓரத்துல உக்காருவேன். இதுக்குப் பழக்கம் வேணும், ஆனா செலவு? ரெண்டு ஹோஸும் ஒரு ரப்பர் கயிறும் தான், ஆக்டோ செட் ஏற்கனவே இருந்தா அதையே மாத்திக்கலாம். கழுத்தைச் சுத்துறது ஒருமாதிரி இருக்குன்னு சொல்றவங்களுக்கு நடுவாந்திரமா ஒண்ணு இருக்கு, ஒரு மீட்டர் ஹோஸை வலது கைக்கு அடியில நேரா கொண்டுவந்து வாய்க்கிட்ட ஒரு திரும்புற எல்போ போடுறது. வசதி தான், ஆனா அந்த எல்போல ஒரு ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) கூடுது, கசியுறதுக்கு இன்னொரு இடம்.

இப்ப ஒரு கணக்கு, இதை தங்கச்சி கண்டிப்பா பேப்பர்ல போட்டுப் பாக்கணும். மேல சொன்ன மூணும் ஒரே சிலிண்டர், ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். 30 மீட்டர்ல பிரஷர் 4 பார். பயந்த ஆளு தண்ணிக்கு வெளிய இருக்குற கணக்குல நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுத்தா அங்க 160 லிட்டர். ஒரு நிமிஷம் கீழ நிலைமையப் புரிஞ்சுக்கிறதுக்கு, அப்புறம் நிமிஷத்துக்கு 9 மீட்டர் வேகத்துல 5 மீட்டர் வரைக்கும் ஏறுறதுக்கு சுமார் 310 லிட்டர். ஒரு ஆளுக்கு 470, ரெண்டு ஆளுக்கு 940. 12 லிட்டர் சிலிண்டர்ல அது கிட்டத்தட்ட 80 பார். "50 பார்ல மேல வந்துடுவேன்"னு 30 மீட்டர்ல உக்காந்திருக்குறவர்கிட்ட எவ்வளவு அழகான ஆக்டோ இருந்தாலும் ரெண்டு பேருக்கு அது பத்தாது. ப்ரொடியூஸ் கப்பல் உடைஞ்சு கிடக்குறது இந்த ஆழத்துல தான். (1860-ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல நம்மாளுங்க இங்க கரும்புத் தோட்டத்துக்கு வந்தாங்க, 1974-ல கரும்புப் பாகு ஏத்திக்கிட்டுப் போன இந்தக் கப்பல் ஷோல்ல மோதி முங்குச்சு. ஒவ்வொரு தடவையும் அதோட பின்பக்கத்தைத் தாண்டி நீந்தும்போது எனக்கு அந்த நினைப்பு வரும்.) அங்க போறப்ப நான் 90 பார்ல திரும்பிடுவேன்.

அதே மாதிரி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். கடைல எல்லாரும் ஆக்டோ எந்த பிராண்டுன்னு பாக்குறாங்க, பாக்க வேண்டியது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பேலன்ஸ்டா இல்லையாங்கறது. பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் டைப்ல சிலிண்டர் காலியாக ஆக இழுக்குறது கஷ்டமாயிட்டே வரும், ரெண்டு பேர் ஒண்ணா இழுக்குற நேரம் பெரும்பாலும் சிலிண்டர் காலியாகுற நேரம் தான். ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் இஎன் 250 குறிக்குப் பக்கத்துல ஏ-ங்கற எழுத்து இருந்தா ஒரே நேரத்துல ரெண்டு பேர் மூச்சு விடுறதுக்கும் டெஸ்ட் பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். "10 டிகிரிக்கு மேல"ன்னு குறி இருந்தா குளிர் தண்ணிக்கு அது ஆகாது.

தனிச் சிலிண்டர் வகைக்கு வருவோம். ஸ்பேர் ஏர்னு கை நீளத்துக்குக் கூட இல்லாத குட்டி சிலிண்டர், தலையிலயே செகண்ட் ஸ்டேஜ். பெரிய மாடல்ல சுமார் 85 லிட்டர். 30 மீட்டர்ல 160 லிட்டர் இழுக்குற ஆளுக்கு அது அரை நிமிஷம், மேல வர மூணு நிமிஷத்துக்கு மேல வேணும். 10 மீட்டர்ல இருந்து நேரா மேல வர்றதுக்குன்னா கணக்கு சரியா வரும். ஹெலிகாப்டர் தண்ணில விழுந்தா வெளிய வர்றதுக்கு இந்த மாதிரி குட்டி பாட்டில் வச்சிருப்பாங்க, அந்த வேலைக்கு அது சரி. ஷோல்ல 25 மீட்டர் போற ஆளு இதை இடுப்புல கட்டிக்கிட்டு தைரியமா இருக்குறது எனக்குப் பயமா இருக்கு. அந்த தைரியத்தை நம்பி கூட்டாளியை விட்டுட்டு தனியா போனவங்களைப் பாத்திருக்கேன். வேண்டாம்.

போனி வேற. 2 லிட்டரோ 3 லிட்டரோ சிலிண்டர், அதுக்குன்னு முழுசா ஒரு ரெகுலேட்டர், சின்ன கேஜ். மெயின் சிலிண்டர் ஓரமாவோ முன்னாடி பக்கமா தொங்கவோ விடலாம். இது தான் நிஜமான ரெண்டாவது மூச்சு, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அடைச்சுக்கிட்டாலும், ஹோஸ் வெடிச்சாலும், கூட்டாளி கரண்ட்ல போயிட்டாலும் உன்கிட்ட காத்து இருக்கு. 3 லிட்டர்ல 200 பார்னா 600 லிட்டர். மேல போட்ட கணக்குல ஒரு ஆளுக்கு 470, அதோட 5 மீட்டர்ல பாதுகாப்புக்காக மூணு நிமிஷம் நிக்க கொஞ்சம் அமைதியாகி 25 லிட்டர் இழுக்குறார்னு வச்சா 110-ஐத் தாண்டும், மொத்தம் 580 சொச்சம். மயிரிழைல போதும். 2 லிட்டர்னா 400 தான், 18 மீட்டருக்கு ஓகே, 30-க்குப் பத்தாது. இதை யாரும் கடைல சொல்றதில்ல, 2 லிட்டர் லேசா அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்துடுறாங்க.

செலவு அதிகம், முழுசா இன்னொரு ரெகுலேட்டர், இன்னொரு சிலிண்டர், அதுக்கு டெஸ்ட், ரெண்டுக்கும் சர்வீஸ். ரப்பர் டக்ல எடுத்துக்கிட்டுப் போறது கஷ்டம், போட் ஓட்டுறவர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும். அப்புறம் ஒரு ஆபத்து இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க. தண்ணில குதிக்கிற அவசரத்துல மெயின்னு நினைச்சு போனியோட செகண்ட் ஸ்டேஜை வாய்ல வச்சுக்கிட்டு இறங்குறது. மெயின் கேஜ் 200-லயே நிக்கும், மனசு நிம்மதியா இருக்கும், கொஞ்ச நிமிஷத்துலயே போனி காலி. அதனால போனியோட மவுத்பீஸ் கலரும் வேற, இடமும் வேறயா இருக்கணும், கேஜை முதல் ரெண்டு நிமிஷத்துலயே ஒரு தடவ பாத்து முள் இறங்குதான்னு உறுதி பண்ணிக்கணும். நான் ஷோலுக்குத் தெரிஞ்ச கூட்டாளியோட போறப்ப போனி எடுக்குறதில்ல, 25 மீட்டருக்குக் கீழ, முன்னபின்ன தெரியாதவர் கூடன்னா 3 லிட்டர் இல்லாம போறதில்ல.

ட்வின் சிலிண்டர், சைட்மவுண்ட் (சிலிண்டரை உடம்போட பக்கவாட்டுல மாட்டுறது), ஒரே சிலிண்டர்ல ரெண்டு வால்வு வச்சு ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மாட்டுறது, இதெல்லாம் நல்ல விஷயம், தனி கோர்ஸ், தனி பழக்கம், இப்ப தங்கச்சிக்குத் தேவையில்ல. கேப் டவுன் பக்கம் போறதா இருந்தா மட்டும் யோசிக்கணும். அங்க அட்லாண்டிக் பக்கம் கோடைல தென்கிழக்குக் காத்து அடிச்சா அடித்தண்ணி மேல ஏறி 10 டிகிரி கிட்ட வந்துடும். காத்து விரியும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் இன்னும் குளிர்ந்து உள்ள உறைஞ்சு நிக்கும், செகண்ட் ஸ்டேஜ் மூடாம காத்தைக் கொட்டிக்கிட்டே இருக்கும். ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல ஆக்டோவும் இருந்தா அப்ப ரெண்டும் ஒண்ணா போச்சு, அந்தத் தண்ணிக்கு, உள்ள தண்ணி போகாத மாதிரி சீல் பண்ண ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் ரெண்டு வால்வும் நியாயமான செலவு. டர்பன் பக்கம் குளிர்காலத்துலயே 19, 20 டிகிரி இருக்கும், நமக்கு அந்தக் கவலை இல்ல.

எதை மாட்டினாலும் டெஸ்ட் பண்ணத் தெரிஞ்சிருக்கணும். எனக்கு இதைக் கத்துக் குடுத்தது டர்பன்ல சாட்ஸ்வர்த் பகுதில இருக்குற ஒரு அண்ணன். அவங்க குடும்பம் அஞ்சு தலைமுறையா இங்க, தமிழ்ல "தம்பி", "தண்ணி", "சாமி" மாதிரி கொஞ்சம் வார்த்தை தான் வரும், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார், ஷோல்ல எந்தப் பாறைக்கு அடியில என்ன இருக்கும்னு கண்ணை மூடிச் சொல்வார். அவர் வீட்டு முற்றத்துல ஒரு நீல வாளி நிறைய தண்ணி, பிள்ளையோட ஸ்கூல் ஸ்கேல் ஒண்ணு. ரெகுலேட்டரை சிலிண்டர்ல மாட்டித் திறந்துட்டு, செகண்ட் ஸ்டேஜை மவுத்பீஸ் மேல பாத்த மாதிரி, பர்ஜ் பட்டன் கீழ இருக்குற மாதிரி பிடிச்சு மெதுவா வாளிக்குள்ள இறக்குவார். ஒரு ஆழம் வந்ததும் உஸ்ஸுன்னு ஆரம்பிக்கும். அந்த இடத்துல தண்ணி மட்டத்துக்கும் உள்ள இருக்குற டயஃப்ரத்துக்கும் (நாம இழுக்கும்போது அசைஞ்சு காத்தைத் திறக்குற மெல்லிய சவ்வு) நடுவுல எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சுப் பாப்பார். மெயின் ரெண்டரை, மூணு சென்டிமீட்டர். என் பழைய ஆக்டோ அஞ்சைத் தாண்டித்தான் சத்தமே போட்டுச்சு. "தம்பி"ன்னு சொல்லிட்டு தலையை ஆட்டினார், அவ்வளவு தான் சொன்னார். அடுத்த வாரமே சர்வீஸுக்குக் குடுத்துட்டேன்.

இன்னும் ரெண்டு. சிலிண்டர்ல மாட்டாம, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைப் போட்டுட்டு வாய்ல வச்சு இழுத்தா எதுவும் வரக்கூடாது, அப்படியே பிடிச்சு நிக்கணும். லேசா காத்து வந்தாலும் வால்வுலயோ மவுத்பீஸ்லயோ எங்கயோ ஓட்டை, அந்த மணல் கதை அங்கயே தெரிஞ்சிருக்கும். போட்ல மாட்டிக்கிட்டதும் கேஜைப் பாத்துக்கிட்டே ரெண்டுலயும் நாலு மூச்சு இழுக்கணும், முள் ஆடுச்சுன்னா சிலிண்டர் வால்வு முழுசா திறக்கல. மவுத்பீஸ் பிடிச்சிருக்குற சின்ன பிளாஸ்டிக் டையை விரலால தடவிப் பாரு. சர்வீஸ் வருஷத்துக்கு ஒரு தடவ, இல்ல அந்த கம்பெனி புக்குல போட்ருக்கறபடி. ஹோஸ் விஷயத்துல, வளையுற மாதிரி பின்னல் போட்டு வர்றது பாக்க நல்லா இருக்கும், ஆனா சூடான ஊர்ல சிலதுல உள் குழாய் சிதைஞ்சு படிகம் மாதிரி கட்டி காத்தை அடைச்ச சம்பவம் இருக்கு. வெளிய எதுவும் தெரியாது. நான் சாதாரண ரப்பர் ஹோஸ் தான் போடுறேன், வாங்கின தேதியை டேப்ல எழுதி ஒட்டி வச்சு அஞ்சு வருஷத்துல மாத்திடுறேன்.

தங்கச்சிக்கு நான் சொன்னது: பேலன்ஸ்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், டின் கனெக்ஷன் (சிலிண்டர் வால்வுக்குள்ள திருகி மாட்டுறது), பழைய சிலிண்டருக்கு ஒரு ஏ கிளாம்ப் அடாப்டர் (வால்வை வெளியருந்து கவ்விப் பிடிக்கிறது), ஒரே மாதிரி ரெண்டு நல்ல செகண்ட் ஸ்டேஜ், 1.5 மீட்டர் மஞ்ச ஹோஸ், 60 சென்டிமீட்டர் கறுப்பு ஹோஸ், நெக்லஸ். போனி இப்ப வேண்டாம், 30 மீட்டர் கோர்ஸ் பண்றப்ப பாத்துக்கலாம், அது வரைக்கும் 18 மீட்டர்லயே இரு, காத்து பாதி ஆனதும் கூட்டாளிகிட்ட கையைக் காமி. "சரிண்ணா, ஆனா ஹோஸ் கழுத்தைச் சுத்துறது பயமா இருக்கு"ன்னா. அதான் வர்ற சனிக்கிழமை அவ இன்ஸ்ட்ரக்டரோட பூல்ல இருபது தடவ குடுத்து வாங்கிப் பழகப் போறா, கண்ணைத் திறந்துக்கிட்டு பத்து, மாஸ்க்கைக் கறுப்புத் துணியால மூடிக்கிட்டு பத்து. அடுத்த மாசம் சோட்வானால டூ மைல்ங்கற பாறைத் திட்டுல அவ கூட ஜோடியா நான் இறங்குறேன், மணல்ல நின்னு முதல்ல அவ எனக்குக் குடுத்துக் காமிக்கணும்னு சொல்லிருக்கேன்.